சென்னைக் கட்டடங்களை வைத்துப் போஸ்டர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் நெருங்க நெருங்க ஊர் போஸ்டர் வரைகிறவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கல்லூரி மாணவர், அச்சிட்டு விற்கிறவர், தன் வீட்டுச் சுவருக்கு ஒன்று செய்ய நினைப்பவர் என்று ஆள்தான் மாறுகிறது. கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஊர் போஸ்டர்னா சென்ட்ரல், எல்ஐசி, லைட் ஹவுஸ் எல்லாத்தையும் வரிசையா நிக்க வச்சா போதும்ல?

வைக்கலாம். ஆனால் அது சாவிக்கொத்துக்குப் போகிற படம். எட்டுக் கட்டடம் ஒரே தரையில் நின்றால் எதற்கும் அளவும் இருக்காது, வெயிலும் இருக்காது. பார்ப்பவர் பெயர்களைச் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

கணினியைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கட்டடம், எந்த வருடம், எங்கே நின்று பார்க்கிறோம். உதாரணமாக, ‘எல்ஐசி, 1965, மவுண்ட் ரோட்டின் எதிர் நடைபாதை, அண்ணாந்து’. இந்த ஒரு வரி முடிவானால் வெயில், வண்டி, எழுத்து, நிறம் என்று பின்னால் வரும் கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். கீழே ‘மூன்று முடிவு’ என்று சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறோம்.

எல்லாரும் சென்ட்ரலையே போடுறாங்க. வேற எதை எடுக்கிறது?

முதலில் நிழல் சோதனை. கட்டடத்தை முழுக் கறுப்பாக நிரப்பி, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அடையாளம் தெரிந்தால் வெளிக்கோட்டை நம்பலாம். நேப்பியர் பாலத்தின் ஆறு வளைவுகள், சென்ட்ரலின் மணிக்கூண்டு, உயர்நீதிமன்றத்தின் கோபுரக் கூட்டம் எல்லாம் இதில் தேறிவிடும். எல்ஐசி தேறாது, கறுப்பாக நிரப்பினால் அது வெறும் பெட்டி. 1959-இல் அது திறக்கப்பட்டபோது ஊரே பேசியது அதன் உயரத்தைத்தான்: 177 அடி. ஆகவே அதைத் தனியாக நிறுத்தாமல், பக்கத்தில் இரண்டு மாடிக் கடைகளையும் தெருவிளக்கையும் வைத்து வரையுங்கள். உயரம் அப்போதுதான் தெரியும்.

அதிகம் அடிபடாதவை வேண்டுமென்றால் எழும்பூர் ரயில் நிலையம் (1908, ஹென்றி இர்வின் வடிவமைப்பு), மெரினாவில் ஐஸ் ஹவுஸ், பாரிமுனையில் 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ். 1930, 40-களின் ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்கள் போஸ்டருக்கென்றே பிறந்தவை. வளைந்த மூலை, நீளமான வெயில் தடுப்பு, நடுவில் மேலெழும் ஒரு செங்குத்துப் பட்டை: மூன்றையும் தட்டை நிறத்தில் போட்டாலே படம் நின்றுவிடும். இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ சாரசெனிக் கட்டடங்களில் அந்த வசதி இல்லை. அவற்றில் எதை விடுவது என்பதுதான் வேலையே.

போட்டோ எடுக்க எந்த நேரம் சரி? நான் போனப்பல்லாம் முகப்பு இருட்டாவே இருக்கு.

நேரம் மட்டுமல்ல, மாதமும் முக்கியம். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். பெரியார் ஈ.வெ.ரா. சாலையைப் பார்த்து நிற்கும் சென்ட்ரலும் ரிப்பன் கட்டடமும் ஏறக்குறையத் தெற்குப் பார்த்தவை. ஜூன் மாத உச்சி வெயிலில் போனால் முகப்பு தன் நிழலிலேயே நிற்கும். மெட்ராஸ் தினத்துக்காக ஜூலையில் படமெடுக்கக் கிளம்புகிற எல்லாருக்கும் இதுதான் நடக்கிறது. இவற்றை நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வளைவுகளுக்குள் நல்ல சாய்ந்த நிழல் விழும்.

மெரினாவில் கடலைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரி, ஐஸ் ஹவுஸ் போன்றவற்றுக்கு எந்த மாதமானாலும் காலை ஆறரை முதல் ஒன்பது வரை. சாயங்காலம் போனால் பின்னால் வெளிச்சம், முன்னால் இருட்டு. நிழல் சோதனைக்கு வேண்டுமானால் அந்தப் படம் உதவும்.

போனின் அகல லென்ஸில் கிட்ட நின்று எடுத்தால் தூண்கள் பின்னால் சாயும். எதிர்ப்பக்கம் போய், தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். மீதிச் சாய்வை மென்பொருளில் நிமிர்த்தும்போது முழுவதும் நிமிர்த்தாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். முழுக்க நிமிர்த்தினால் மேல்பக்கம் அகலமாகி, கட்டடம் நம் மேல் விழுவதுபோல் தெரியும்.

போலீஸ் ஏதாவது சொல்வாங்களா?

பொதுச் சாலையில் நின்று கையில் பிடித்த கேமராவில் எடுப்பதற்குப் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. உயர்நீதிமன்ற வளாகத்துக்குள், புனித ஜார்ஜ் கோட்டைக்குள், ரயில் நிலைய நடைமேடைகளில் வணிகத்துக்காக எடுப்பதென்றால் அனுமதி வாங்கியாக வேண்டும். ட்ரோன் பக்கமே போகாதீர்கள். போஸ்டருக்கு மேலிருந்து பார்க்கிற கோணம் தேவையும் இல்லை. ஊர்க்காரர் யாரும் அந்தக் கட்டடத்தை அப்படிப் பார்த்ததில்லை.

போட்டோ மேலேயே ட்ரேஸ் பண்ணிட்டேன். ஆனா உயிரில்லாம இருக்கு. ஏன்?

எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருக்கும். ஏ3 அளவுக்கு மூன்று தடிமன் வையுங்கள்: வெளிக்கோடு 1.2 மி.மீ., தூண், மாடி, வாசல் பிரிவுகளுக்கு 0.6, அலங்காரத்துக்கு 0.3. படத்தைத் தானாகக் கோடாக்கும் ஆட்டோ ட்ரேஸ் கட்டளை மின்கம்பியையும் கார்னிஸையும் (சுவரின் மேல் விளிம்பில் நீட்டியிருக்கும் பட்டை) ஒன்றாகத்தான் நடத்தும், அதை நம்பாதீர்கள்.

இரண்டாவது காரணம், எல்லா ஜன்னலையும் சமமாக வரைந்திருப்பீர்கள். ஓர் இடத்தை, உதாரணமாக மணிக்கூண்டின் கடைசித் தளத்தை, முழு நுணுக்கத்தோடு போடுங்கள். அங்கிருந்து விலக விலக வளைவு வெறும் நிழல் வடிவமாகட்டும். கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் எண்ணிக்கையில் கை வைக்கக் கூடாது. நேப்பியர் பாலத்துக்கு ஆறு வளைவு. இடம் போதவில்லை என்று ஐந்து போட்டால் தினமும் அந்த வழியாகப் போகிறவர் கண்டுபிடித்துவிடுவார். இடம் பற்றாவிட்டால் பாலத்தைத் தாளின் ஓரத்தில் வெட்டுங்கள், வளைவைக் குறைக்காதீர்கள்.

ரிப்பன் கட்டடம் வெள்ளை, தாளும் வெள்ளை. கோடு போட்டுப் பிரிச்சா கேவலமா இருக்கு.

கோட்டை எடுத்துவிடுங்கள். கட்டடத்துக்கு மையே வேண்டாம், தாளே கட்டடம். வானத்துக்கு ஒரு அழுத்தமான நிறம், நிழலுக்கு ஒரு மெல்லிய நிறம், அவ்வளவுதான். காலை நிழல் என்றால் நீலச் சாம்பல் (சி 18, எம் 10, ஒய் 0, கே 8 அளவில்; இவை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் சதவீதம்), மாலை என்றால் கொஞ்சம் ஊதா கலந்தது. ஜன்னல்களும் தூண்களின் ஒரு பக்கமும் மட்டும் இந்த நிழலில் தெரியும். 1913-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் முகப்பு வரிசை வரிசையான தூண்களால் ஆனது என்பதால் நிழலை மட்டும் போட்டாலே தூண் வந்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. தாள் பழுப்பு கலந்ததாக இருந்தால் ரிப்பன் கட்டடம் மஞ்சளாகிவிடும். சாதாரண டிஜிட்டல் பிரிண்டில் வெள்ளை மை கிடையாது. நிறத்தாள்தான் வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்டுக்கு (வலைச் சட்டம் வழியாக மையை இழுத்து, நிறம் நிறமாக அச்சிடும் முறை) போய், வெள்ளை மையை இரண்டு முறை இழுக்கச் சொல்லுங்கள். ஒரு முறை இழுத்தால் தாளின் நிறம் அடியில் தெரியும்.

ஹைகோர்ட் சிவப்பு ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்கு, அச்சுல மண் மாதிரி வருது. ஏன்?

திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சு சிஎம்ஒய்கே (மேலே சொன்ன சி, எம், ஒய், கே நான்கு மை). மாற்றும்போது சிவப்புக்குள் சயான் அதிகம் நுழைந்தால் பழுப்பாகிவிடும். தானாக மாற விடாமல் எண்ணை நீங்களே கொடுங்கள். வெயில் படும் செங்கலுக்கு சி 10, எம் 80, ஒய் 80, கே 5. நிழலில் உள்ள செங்கலுக்கு சி 30, எம் 90, ஒய் 85, கே 30. இங்கிருந்து தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம். செங்கலுக்கு ஒரே சிவப்பு போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. இரண்டு சிவப்பு இருந்தால்தான் சுவர் திரும்புவது தெரியும்.

வானத்து நீலத்தில் எதிர்ப் பிரச்சினை: எம் எண்ணிக்கை சி-க்கு நெருங்கிவிட்டால் நீலம் ஊதாவாகிவிடும். சி 100 என்றால் எம் 60-ஐத் தாண்ட வேண்டாம். பெரிய கறுப்புப் பரப்புக்கு கே 100-உடன் சி 60, எம் 40, ஒய் 40 சேருங்கள். ஆனால் சின்ன எழுத்துக்கு வெறும் கே 100 மட்டுமே. நான்கு மை சேர்ந்தால் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். ஒரு மாதிரித் தாளை அதே இயந்திரத்தில், அதே தாளில் அடித்து வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சகத்து டியூப் லைட்டில் பார்த்துச் சரி சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் வேறு நிறம்தான் இருக்கும்.

மொத்தம் எத்தனை நிறம் வைக்கலாம்?

தாள் நிறத்தைத் தவிர நான்கு. ஐந்தாவது வேண்டும் என்று தோன்றினால், இருப்பதில் ஒன்றைப் பாதி அடர்த்தியில் போட்டுப் பாருங்கள்.

இடிச்ச கட்டடத்தை எப்படி வரையறது? மூர் மார்க்கெட்டுக்குத் தெளிவான படமே கிடைக்கலை.

1900-இல் திறந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் போனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. இப்படிப்பட்ட கட்டடத்துக்கு வெவ்வேறு கோணத்தில் குறைந்தது மூன்று பழைய படங்களாவது சேர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். படத்தில் வாசலருகே ஆள் நின்றால் அவரை ஐந்தரை அடி என்று வைத்து வாசல், வளைவு, கூரை என்று அளவை ஏற்றிக்கொண்டே போகலாம். ஆளும் கட்டடமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தவறும்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறத்தை ஊகிக்காதீர்கள். பழைய ஃபிலிம்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது; செங்கல் சுவர் கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீல வானம் வெள்ளையாகவும் பதியும். ‘கறுத்துப்போன கட்டடம்’ என்று நினைத்துச் சாம்பல் நிறம் கொடுத்துவிட்டால் போச்சு.

அங்கே போய்வந்தவர்களிடம் கேட்கும்போது ‘எப்படி இருந்தது?’ என்றால் ‘அழகா இருக்கும்’ என்று மட்டும்தான் பதில் வரும். ‘எந்த வாசல் வழியா உள்ளே போவீங்க? நுழைஞ்சதும் இடது கைப்பக்கம் என்ன கடை? வெளிச்சம் எங்கேயிருந்து விழும்?’ என்று கேளுங்கள். மனிதர்களுக்கு இடம் நடந்த வழியாகத்தான் நினைவிருக்கும். பழைய புத்தகக் கடை, மீன் தொட்டி, கிராமபோன் தட்டு என்று வரிசையாக வந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் வரையுங்கள். தெரியாத பகுதியை நிழலில் விடுங்கள், இல்லாத அலங்காரத்தைக் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம்.

பழைய மெட்ராஸ்னா டிராம், அம்பாசடர், எல்ஐசி எல்லாம் சேர்த்துக்கலாமா?

மூன்று முடிவில் இரண்டாவது, வருடம், இதற்குத்தான். சென்னையில் டிராம் ஓடியது 1895 முதல் 1953 வரை. எல்ஐசி 1959. அம்பாசடர் வந்ததே 1950-களின் கடைசியில். ஆக டிராமோடு இவை இரண்டையும் சேர்க்க வழியே இல்லை. இந்தத் தப்பு விற்பனையில் இருக்கும் போஸ்டர்களிலேயே தாராளமாகக் காணக் கிடைக்கும்.

மற்றவற்றுக்கு ஒரு கையடக்கக் கணக்கு: உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் கலங்கரை விளக்கு எரிந்தது 1894 முதல் 1977 வரை, அதன் பிறகுதான் மெரினாவின் சிவப்பு வெள்ளை முக்கோணக் கலங்கரை விளக்கம். ஜெமினி மேம்பாலம் 1973, வள்ளுவர் கோட்டம் 1976. உட்லண்ட்ஸ் டிரைவ் இன் 1962 முதல் 2008 வரை, இப்போது அது செம்மொழிப் பூங்கா. நேப்பியர் பாலத்தில் சதுரங்கக் கட்டம் போட்டது 2022. வருடத்தை முடிவு செய்யாமல் ‘அந்தக் காலம்’ என்று மட்டும் வைத்துக்கொண்டால் இதில் ஏதாவது ஒன்று காலை வாரிவிடும்.

தமிழ் எழுத்து கொம்பும் காலும் பிரிஞ்சு உடைஞ்சு வருது. என்ன செய்ய?

இரண்டு காரணங்களில் ஒன்றுதான். ஒன்று, இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப் போன்றவற்றில் பத்தி அமைப்பு ஆங்கிலத்துக்கான இயல்பு நிலையிலேயே இருக்கும். அதை உலக மொழிகளுக்கான கம்போசருக்கு மாற்றினால் ‘கொ’ ஒழுங்காகச் சேர்ந்துகொள்ளும். இரண்டு, யூனிகோட் எழுத்தைப் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் போட்டிருப்பீர்கள், அல்லது அதற்குத் தலைகீழாக. இதை எழுத்துரு மாற்றும் மென்பொருள் கொண்டு மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரியானதும் அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்தை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடுங்கள். அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. திருத்தக்கூடிய மூலப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிழை கண்டுபிடிப்பது எப்போதும் அவுட்லைன் ஆக்கிய பிறகுதான்.

எந்த எழுத்துரு? பழைய காலத்துப் போஸ்டருக்கு என்ன போடணும்?

இலவசமாக, விற்பனைக்கும் பயன்படுத்த உரிமம் உள்ளவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இருக்கின்றன: கட்டமரன், முக்தா மலர், அனெக் தமிழ், மீரா இனிமை, பாலூ தம்பி. தலைப்பு தடித்த, ஒடுங்கிய எழுத்தாக வேண்டுமென்றால் அனெக் தமிழ் வசதி, அகலத்தையும் தடிமனையும் மாற்றலாம். வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு கொடுங்கள். ஆங்கிலத்துக்கு வைக்கிற 120 சதவீதத்தில் மேல்வரியின் ‘கு’ கீழ்வரியின் ‘கி’யை இடிக்கும். நெடுக்காக அடுக்கினால் செ, ன், னை என்று மூன்று படி. கொம்பைத் தனிப் படியாக விட்டுவிடாதீர்கள்.

பழைய காலத்துக்கு வரும்போது ஒரு நுட்பம். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் மேலே வளைந்த துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா மூன்றும் காலில்லாமல் சுழித்த வடிவத்திலும் எழுதப்பட்டன. 1965 போஸ்டரில் ‘சென்னை’ என்று கடைப் பலகை வந்தால் அதில் துதிக்கை ‘னை’தான் இருக்க வேண்டும். இன்றைய யூனிகோட் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிவம் கிடைக்காது. அக்காலப் பத்திரிகை விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் கையால் வரைந்துவிடுங்கள், மூன்று எழுத்துதானே. ஆங்கிலப் பலகையானால் 1996 வரை ‘மெட்ராஸ்’.

அச்சுக் கடையில என்னன்னு சொல்லணும்?

ஏ3 என்றால் 297 × 420 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் படப் பகுதி) சேர்த்து 303 × 426. 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ப்ளீட் இல்லாமல் 3508 × 4961 பிக்ஸல். தலைப்பும் முக்கியமான விளிம்புகளும் வெட்டுக்கோட்டிலிருந்து 8 மி.மீ. உள்ளே இருக்கட்டும். கோப்பு பிடிஎஃப், சிஎம்ஒய்கே, வெட்டுக் குறிகளோடு.

தாள் விஷயத்தில் ஒன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள். டிஜிட்டல் கடைகளில் 12 × 18 அங்குலத் தாளும் 13 × 19 தாளும் புழங்கும். 12 அங்குலம் என்பது 305 மி.மீ. உங்கள் படம் 303. இயந்திரம் ஓரத்தில் சில மி.மீ. வெள்ளை விடும் என்பதால் ப்ளீட் அடிபட்டு, வெட்டும்போது ஒரு பக்கம் வெள்ளைக் கோடு தெரியும். 13 × 19 என்று சொல்லி வாங்குங்கள். தட்டை நிறப் போஸ்டருக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மேட் தாள் நன்றாக இருக்கும். பளபளப்புத் தாளில் பெரிய வானப் பரப்பு முழுவதும் விரல் ரேகைதான்.

ஸ்கிரீன் பிரிண்ட் பண்ணா எதை மாத்தணும்?

ஒவ்வொரு நிறமும் தனி லேயர் (அடுக்கு), ஒவ்வொன்றும் முழுக் கறுப்பில், மூலைகளில் பொருத்தக் குறியோடு (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர உதவும் குறி). 0.3 மி.மீ.க்குக் குறைந்த கோடு வலையில் அடைத்துக்கொள்ளும். நிறங்கள் தொடும் இடத்தில் வெளிர்நிறத்தை அடர்நிறத்துக்கு அடியில் அரை மி.மீ. நீட்டிவிடுங்கள், இல்லையென்றால் இடையில் தாள் எட்டிப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்து விரியும். முதல் நிறத்தைத் திங்களன்றும் மூன்றாவதை வியாழனன்றும் இழுத்தால் பொருத்தம் நிற்காது. ஒரே நாளில் முடிக்கச் சொல்லுங்கள்.

கட்டடத்தை வரைஞ்சு வித்தா காப்பிரைட் பிரச்சினை வருமா?

கட்டடத்தை வரைவதற்கும் அந்தப் படத்தை வெளியிடுவதற்கும் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் பிரிவு 52 விலக்கு தருகிறது. பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலைகளுக்கும் அதே பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் சுவரோவியத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. கண்ணகி நகர் சுவர்களில் உள்ள ஓவியத்தை அப்படியே போஸ்டரில் பெயர்த்து வைத்தால் ஓவியரிடம் அனுமதி வேண்டும்.

அடுத்தவர் எடுத்த புகைப்படத்தின் மேல் ட்ரேஸ் செய்வது வேறு கதை. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டும் அதற்கு உரிமை உண்டு. இணையத்தில் கிடைத்தது என்பது அனுமதி அல்ல. மூர் மார்க்கெட் பதிலில் சொன்னதுபோல் பல படங்களைப் பார்த்து அளவெடுத்து உங்கள் கோணத்தில் வரைந்தால் இந்தச் சிக்கல் எழாது. வர்த்தக முத்திரையையும் மறக்க வேண்டாம்: மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டலின் தோற்றமே 2017-இல் வர்த்தக முத்திரையாகப் பதிவானது. நிறுவனச் சின்னம், அரசு முத்திரை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பெரிய அளவில் விற்பதென்றால் வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கபாலி கோயில் கோபுரம் போடலாமா? யாராவது தப்பா எடுத்துப்பாங்களோ?

போடலாம். கிழக்குக் கோபுரத்துக்கு ஏழு நிலை. எண்ணிக்கை விதி இங்கே இன்னும் கண்டிப்பு. கலசத்தைத் தாளின் விளிம்பில் வெட்டாதீர்கள். சுதைச் சிற்பங்களை முகத்தோடு வரையாமல் நிழல் கூட்டமாக விட்டால் படமும் தெளிவாகும், விலைச் சீட்டோ மடிப்போ சாமி முகத்தில் விழுகிற சங்கடமும் வராது. கோபுரம், தேவாலயம், மசூதி மூன்றையும் கட்டாயத்துக்கு ஒரே தாளில் சேர்ப்பது முதல் கேள்வியின் வரிசைதான், வேறு சட்டை போட்டுக்கொண்டு.

தெருவுல ஒட்டலாமா?

பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அனுமதியில்லாமல் சுவரில் ஒட்டினால் வழக்கு வரும். பாரம்பரியக் கட்டடத்தின் போஸ்டரைப் பாரம்பரியக் கட்டடத்தின் சுவரிலேயே பசை தடவி ஒட்டியவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

ஃப்ரேம் போட்ட போஸ்டர் ஆறு மாசத்துல நெளிஞ்சு, கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. ஏன்?

கடற்கரை ஊரின் ஈரப்பதம். தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் போர்டு சட்டம் வைத்து இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கினால் விரிய இடமில்லாமல் தாள் நெளியும். மேல்பக்கம் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டினால் போதும். மழை அடிக்கிற வெளிச்சுவரின் உட்பக்கத்தில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள், ஃப்ரேமின் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் குமிழ் ஒட்டினால் பின்னால் காற்று போகும். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள், மை கண்ணாடியோடு வந்துவிடும். கோப்பு உங்களிடம் இருந்தால் புதிதாக ஒன்று அடிப்பதுதான் மலிவு.